வாசல் கதவில் ஒட்டிய பெயர்

ப்ளோவ்திவ்
14 ஜனவரி 1999

அன்புள்ள ஸ்லாதினா அக்காவுக்கு,

வெலிகா எழுதுகிறேன். எனக்குச் சளியைத் தவிர வேறொன்றும் இல்லை. நீயும் டிமோ அத்தானும் இஸ்க்ராக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் கூடத்தில் ஹீட்டர் வைத்தார்களா, இல்லை இன்னும் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தைக்கிறீர்களா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உங்கள் வீட்டுப் போன் உன் மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் சொல்லப் போவது அவர் காதுக்கு வேண்டாம். பஸ் ஓட்டும் மித்கோ அண்ணனிடம் கொடுத்தால் சாயங்காலமே உன் கைக்கு வந்துவிடும். நீயும் அவரிடமே கொடு.

நான் சேர்ந்திருக்கும் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அங்கெலோவா, மார்பகப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். சில குடும்பங்களில் ஒரு மரபணுவில் பிழை இருக்கிறதாம். அது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குமாம். இப்போது ஒரு குழாய் இரத்தம் இருந்தால் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது.

புதிதாகச் சேர்ந்த நான்கு பேரையும் பழகிக்கொள்வதற்காக அவரவர் குடும்பத்தை வரையச் சொன்னார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்திருந்தால் உள்ளே கறுப்பாக நிரப்ப வேண்டும். மற்ற மூவரும் டாக்டர் அப்பா, வாத்தியார் தாத்தா என்று சிரித்துப் பேசிக்கொண்டே வரைந்தார்கள். நான் அம்மாவின் பக்கத்தை வரைந்து முடித்ததும் தாளைக் கையால் மூடிக்கொண்டேன். டாக்டர் என் கையை மெல்ல விலக்கினார்.

"இது யாரும்மா, உன் பேரையே போட்டிருக்க?"

"பெரியம்மா."

"அப்ப இது? இதுவும் வெலிகா."

"கொள்ளுப்பாட்டி."

"ரெண்டும் கறுப்பு. நடுவுல ஒருத்தங்க வெள்ளையா இருக்காங்களே?"

"ருசானா பாட்டி. அவங்களுக்கு நுரையீரல்ல நோவுன்னு சொல்லுவாங்க."

அவர் அந்த வெள்ளை வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா, உனக்கு நினைவிருக்கிறதா? நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே என் பெயரை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். நம் வீட்டு வாசல் கதவில் பெரியம்மாவின் மரண அறிவிப்பு ஒட்டியிருந்ததே, அதில்தான். கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு படம், அதன் கீழே பெரிய எழுத்தில் வெலிகா. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று அம்மா புதிது புதிதாக அச்சடித்து ஒட்டுவாள். வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் நான் என்னைக் கடந்துதான் போவேன்.

அம்மா ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒரு பிரதியை அலமாரியில் வைத்திருக்கிறாள். அதிலிருக்கும் வயதுகளை எனக்கு எழுதி அனுப்பு. அவளிடம் எதற்கென்று சொல்லாதே.

உன் தங்கை,
வெலிகா

கமெனோவோ
30 ஜனவரி 1999

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் இருக்கிறோம். இஸ்க்ராவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, யாரைப் பார்த்தாலும் வாயைத் திறந்து காட்டுகிறாள். ஹீட்டர் வந்தது. சூடு மேனேஜர் அறையோடு நின்றுவிடுகிறது.

நீ சொன்னபடி அம்மாவிடம் எதையும் சொல்லாமல் அலமாரியைத் திறந்தேன். நம் அம்மாவுக்கு முதுகிலும் கண் உண்டு, உனக்குத் தெரியாதா?

"என்ன தேடுற?"

"பழைய லேஸ் துணி."

"லேஸ் துணி மேல்தட்டுல. அங்க இருக்கறது செத்தவங்க. அவங்கள எண்ணாத. எண்ணினா ஆள் குறையுதுன்னு அவங்களும் நம்மள எண்ண ஆரம்பிச்சிருவாங்க."

பிறகு ரொட்டி வாங்க அவளை அனுப்பிவிட்டுப் பார்த்தேன். கொள்ளுப்பாட்டி வெலிகாவுக்கு நாற்பத்தொன்று, ருசானா பாட்டிக்கு நாற்பத்து நான்கு, பெரியம்மா வெலிகாவுக்கு முப்பத்தெட்டு. பெரியம்மாவின் படம் அப்படியே உன் முகம். நான் தாளைத் திருப்பி வைத்துவிட்டேன்.

நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நீ. உனக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? ஆனாலும் சொல்கிறேன். அது அந்தப் பெயரோடு வருகிறது. ஊரே சொல்கிறது. பெரியம்மா போய் மூன்று வாரத்தில் நீ பிறந்தாய். பெயரை விட்டுவிட்டால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று உனக்கு வைத்தார்கள். வைத்த அன்றே பயந்தும்போனார்கள். அம்மா உன்னை என்றைக்காவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாளா? இருபத்து நான்கு வருடமாக 'சின்னது, சின்னது' என்றுதானே! கோர்ட்டில் மனுப் போட்டால் பெயரை மாற்றலாமாம். டிமோவுக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார். யோசித்துச் சொல்.

இங்கே ஜெர்மனிக்காரனுக்குக் குளிர்கோட்டு தைக்கிறோம். கனத்த துணி. என் இடது கை தோளிலிருந்து இழுக்கிறது. எனக்கு எழுதுவதும் அந்தக் கைதானே, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த மாதிரிக் கட்டி வந்தால் வலிக்குமா, வலிக்காதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அக்கா,
ஸ்லாதினா

ப்ளோவ்திவ்
26 பிப்ரவரி 1999

அன்பு அக்காவுக்கு,

நலமா? கை வலி எப்படி இருக்கிறது? நோய் அண்டாமல் இருக்கக் கட்டும் சிவப்பு வெள்ளை மார்ச் கயிறுகள் மூன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் தேதி காலையில் உனக்கும் இஸ்க்ராவுக்கும் மணிக்கட்டில் கட்டு. இன்னொன்று அம்மாவுக்கு. நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். சொன்னால் கட்டிக்கொள்ள மாட்டாள்.

வலிக்குமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால்தான் பெண்கள் விட்டுவிடுகிறார்கள் என்று டாக்டர் சொல்கிறார்.

போன வாரம் மாவட்ட மருத்துவமனைக்குப் போனேன். அங்கே அறுவை சிகிச்சையில் எடுக்கும் சதையில் ஒரு துண்டை மெழுகில் பதித்துப் பாதாள அறையில் அடுக்கி வைக்கிறார்கள். நாற்பது வருடத்துக் கட்டிகள்கூட இருக்கின்றன. காவலுக்கு ஸ்லாவி என்று ஒரு பெரியவர். பேரேட்டைப் புரட்டினார்.

"பேரு?"

"வெலிகா..."

"உன் பேரக் கேக்கல. செத்தவங்க பேரு."

"அதுவும் வெலிகாதான்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இந்த வேலையில முப்பது வருஷம் ஆச்சு. தன் பங்கைத் தானே வாங்கிட்டுப் போக வந்தது நீ ஒருத்திதான்." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

விரல்நகம் அளவு மெழுகு, அக்கா. 1973 என்று எழுதியிருந்தது. பஸ்ஸில் வரும்போது அதைக் கைப்பையில் வைக்க மனமில்லை. கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டேன். என் உடம்புச் சூட்டில் உருகிவிடுமோ என்று வழி நெடுகப் பயந்தேன்.

அதே பேரேட்டில் பின்னால் போய்ப் பார்த்தேன். ருசானா, 1962, இடது மார்பகம். நுரையீரலுக்குப் பரவியது பிறகுதான். வீட்டில் அந்தப் பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவர் பெயர் வெலிகா இல்லை, அக்கா. இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்.

மெழுகிலிருந்து பிழை தெரிந்தால், உயிரோடு இருப்பவர்களின் இரத்தத்தில் அதே இடத்தைத் தேடலாம். நீயும் அம்மாவும் வந்து ஆளுக்கு ஒரு குழாய் கொடுங்கள். உன் தையல் ஊசி குத்துவதைவிடக் குறைவாகத்தான் வலிக்கும்.

வெலிகா

கமெனோவோ
28 மார்ச் 1999

தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை. எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொள்.

நாரைகள் வந்துவிட்டன. பிளம் மரம் பூத்ததும் வழக்கப்படி மார்ச் கயிற்றைக் கழற்றி அதன் கிளையில் கட்டினோம். நான் கையை உயர்த்த முடியாமல் நின்றேன். என்னுடையதையும் இஸ்க்ராதான் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினாள். முதல் தேதியன்று அம்மா தன் கயிற்றைத் திருஷ்டி கழிய மூன்று முறை துப்பிவிட்டு வாங்கிக்கொண்டாள். யார் அனுப்பியது என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

இரத்தம் கேட்டேன். "என் ரத்தம் எனக்கே போதல" என்று சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கப் போய்விட்டாள். ருசானா பாட்டி விஷயத்தைச் சொன்னேன். கத்தி ஒரு நிமிடம் நின்றது. பிறகு, "மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடு" என்றாள். வெளியே நல்ல வெயில்.

நான் வந்து என்ன செய்யப் போகிறேன்? என் பெயர் அப்பாவின் அம்மா பெயர். அந்தக் கிழவி தொண்ணூற்றொரு வயது வரை பூண்டு தின்று, பாதிரியாரைத் திட்டிக்கொண்டு வாழ்ந்தாள். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அம்மா கவலைப்பட மாட்டாள். "இவளுக்கென்ன, ஸ்லாதினாவாச்சே" என்பாள். அந்தக் குழாயை உனக்கு வைத்துக்கொள்.

ஸ்லாதினா

ப்ளோவ்திவ்
20 ஏப்ரல் 1999

அன்பு அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்த திருநாள் நல்லபடியாக நடந்ததா? எனக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. உண்மையில் நான் கேட்கவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் என் தட்டைப் பார்த்து 'சாப்பிடு' என்பாள். இந்த வருடம் அதைத் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

மெழுகில் பிழை இருக்கிறது, அக்கா. மரபணுவை ஒரு நீண்ட வாக்கியம் என்று நினைத்துக்கொள். நடுவே ஓரெழுத்து அதிகம். அதற்குப் பிறகு வரும் எல்லாமே குழம்பிப்போகிறது. டாக்டர் அந்தச் சோதனையின் ஒளிப்படத்தை விளக்கின் முன் பிடித்துக் காட்டினார். மேலே 'வெலிகா' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. சாம்பல் நிறத்தில் நாலு கோடு. முகம் இல்லாத பெரியம்மா.

பெரியம்மாவுக்கு அது ருசானா பாட்டியிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். பாட்டியின் இன்னொரு மகள் நம் அம்மா. அம்மாவிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தும் நோய் வராமல் தப்பியவர்கள் உண்டு. அவளிடம் இருந்தால் நம் இருவருக்கும் தனித்தனியே சரிபாதி வாய்ப்பு. நாணயம் சுண்டுவது போல. சுண்டும்போது பெயரை யாரும் கேட்பதில்லை.

தயவுசெய்து வா. ஒரு நாள் விடுப்புப் போதும். என்னோடு தங்கலாம். அறை சிறியது, ஆனால் கட்டில் அகலம்.

வெலிகா

கமெனோவோ
9 மே 1999

என் தங்கச்சிக்கு,

சுகம்தானா? இங்கே புனித ஜார்ஜ் நாளுக்கு ஆட்டுக்குட்டி அறுத்தோம். என் மாமியார் எலும்பை எண்ணி எண்ணிப் பரிமாறினாள். டிமோ உன்னை விசாரித்தான்.

திருநாளைக் கேட்டாயே. முதல் முட்டைக்கு நான்தான் சிவப்புச் சாயம் தோய்த்தேன். இஸ்க்ராவின் கன்னத்தில் தேய்த்து 'சிவப்பா இரு, திடமா இரு' என்றேன். பிறகு அடுப்படியில் தனியாக நின்றபோது எனக்கும் தேய்த்துக்கொண்டேன். அந்த வாலு பின்னாலேயே வந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், "அம்மா முட்டைய சட்டைக்குள்ள விட்டு தேய்க்கிறா! கன்னம் மேலதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். டிமோவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

நேராகவே கேட்கிறேன். உன் இரத்தத்தையும் பார்த்தாயா? நீ எழுதவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்க மாட்டாய். முடிவு வந்ததும் எனக்கு முதலில் சொல், அம்மாவுக்கு வேண்டாம். உனக்கு அது இருந்தால் நான் வேலையை விட்டுவிட்டு வந்து உன் பக்கத்தில் இருப்பேன். என்ன செய்வார்கள், எப்படிச் செய்வார்கள், மறுபடி கை தூக்க முடியுமா, எல்லாவற்றையும் கேட்டு எழுது. உனக்காகத்தான் கேட்கிறேன்.

அக்கா

ப்ளோவ்திவ்
17 மே 1999

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே ஒரு வாரமாக மழை. சந்தையில் செர்ரி வந்துவிட்டது, ஆனால் தண்ணீர் குடித்து வெடித்துப்போய்க் கிடக்கிறது. டாக்டர் அங்கெலோவா என் வரைபடங்களைச் சோஃபியாவில் ஒரு கூட்டத்தில் காட்டினாராம். 'கை சுத்தம்' என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் வெட்கப்பட்டு மேசைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

என் இரத்தத்தையும் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. இயந்திரம் பழுது. வந்ததும் சொல்கிறேன்.

சிகிச்சை பற்றிக் கேட்டதற்குத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சீக்கிரம் பார்த்துவிட்டால் பலருக்கு நல்லபடி முடிகிறது. கையும் பயிற்சி செய்தால் மெல்ல மெல்ல உயரும்.

அந்த முட்டைக் கதையைப் படித்து நானும் சிரித்தேன். இஸ்க்ராவுக்கு என் முத்தம்.

வெலிகா

கமெனோவோ
4 ஜூலை 1999

தங்கச்சிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நான் ஏழு வாரமாக எழுதவில்லை, நீயும் எழுதவில்லை.

இயந்திரம் இன்னுமா பழுது? இங்கே பதினாறு தையல் மிஷின், ஒன்று நின்றால் மறுநாளே ஆள் வருகிறான். எனக்குப் புரியாமல் இல்லை. நல்ல செய்தியாக இருந்தால் மித்கோவின் பஸ்ஸை ஓடி வந்து நிறுத்தியிருப்பாய். எழுத மனம் வராத செய்தி. சரி, எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. மடாலயத்துக்கு நடந்தே போய் உனக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மருத்துவமனையில் போட்டுக்கொள்ள உனக்கு ஓர் இரவுச் சட்டை தைக்கிறேன். முன்பக்கம் திறக்கிற மாதிரி, கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ளலாம். மெல்லிய பருத்தி. தையல் உள்ளே உறுத்தாமல் இரட்டை மடிப்பு வைத்திருக்கிறேன். அளவுக்கு நானே போட்டுப் பார்த்தேன்.

இங்கே வெயில் முப்பத்தெட்டு. "இந்தப் புழுக்கத்துல உள்பனியன் எதுக்குடி, யாரு பாக்கப் போறா?" என்று டிமோ கேட்கிறான். குளிருகிறது என்றேன். அவன் இப்போது சிரிப்பதில்லை.

ஸ்லாதினா

ப்ளோவ்திவ்
11 ஜூலை 1999

அக்கா,

இந்த முறை நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இயந்திரம் பழுதாகவில்லை. மே பதினொன்றாம் தேதியே முடிவு வந்துவிட்டது. என்னிடம் அந்தப் பிழை இல்லை.

டாக்டர் சொன்னதும் நான் சிரிக்கவில்லை, அழவில்லை. 'தப்பாக இருக்கும், மறுபடி பாருங்கள்' என்றேன். மறுபடி பார்த்தார்கள். இல்லை. வெலிகா என்று பெயர் வைத்த குழாயில் பிழை இல்லை. வாசலுக்கு வந்து நின்றேன். சாகப் போகிறவளாகவே இருபத்து நான்கு வருடம் இருந்துவிட்டேன். என்னை வேறு எப்படி இருக்கச் சொல்வாய்? யாரோ என் கோட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது போல இருந்தது.

உனக்குச் சொல்லவே பேனாவை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. 'எனக்கு இல்லை' என்று எழுதினால், அடுத்த வரியில் 'அப்படியானால் பெயர் யாரையும் காப்பாற்றாது' என்று எழுத வேண்டும். உன்னிடம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. செர்ரியைப் பற்றி எழுதினேன். பிறகு ஒவ்வொரு வாரமும் எழுதினேன், கிழித்தேன்.

நேற்று உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். என் வேலையே இதுதான் அக்கா, பெண்கள் சொல்லாமல் விட்டதைக் கேட்டு வட்டத்துக்குள் நிரப்புவது. கை வலி. 'சும்மா தெரிந்துகொள்ளத்தான்.' பிளம் மரம். முட்டை. பனியன். உன் உடம்புக்கு அளவெடுத்த சட்டை. ஊரில் எல்லோருடைய அக்காவைப் பற்றியும் எனக்குப் புரிந்திருக்கும். என் அக்காவைப் பற்றிப் புரிய ஆறு மாதம் ஆகிவிட்டது.

அக்கா, எந்தப் பக்கம்?

வெலிகா

கமெனோவோ
12 ஜூலை 1999

இடது பக்கம். ஜனவரியிலிருந்து.

வியாழக்கிழமை மித்கோவின் பஸ்ஸில் வருகிறேன். டிமோவும் வருகிறான். இஸ்க்ராவை அம்மாவிடம் விடுகிறேன். ஸ்டாண்டுக்கு வா, எனக்கு வழி தெரியாது.

உனக்கு இல்லை என்று படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஸ்

ப்ளோவ்திவ்
3 அக்டோபர் 1999

அன்பு அக்காவுக்கு,

பயணக் களைப்பு தீர்ந்ததா? வாந்தி நின்றதா? ஊறுகாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, போன முறை அதுதான் கேட்டது. கைப் பயிற்சியை விடாதே. சுவரில் விரலால் ஏறு. பென்சிலால் குறித்து வை.

அம்மா இந்த முறை உன்னோடு வந்தாளே, நீ மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருந்தபோது நடந்ததைச் சொல்லவில்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை.

நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் உன் இரவுச் சட்டை, எனக்கென்று தைத்து நீ போட்டுக்கொண்டதுதான். மடித்ததையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "எங்கம்மா கட்டுத்துணியெல்லாம் நான்தான் துவைச்சேன்" என்றாள்.

"எந்தக் கட்டு?"

"மார எடுத்தாங்கல்ல, அந்தக் கட்டு. எனக்கு அப்ப பதினெட்டு வயசு. ஆத்துல துவைச்சா ஊருக்குத் தெரியும்னு வீட்டுக்குள்ளயே துவைக்கச் சொன்னா. நுரையீரல்னு சொல்லுன்னா. சொன்னேன்."

"அப்ப உனக்குத் தெரியும். பேரு காரணமில்லைன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "பேர்லதான் இருக்குன்னா என்கிட்ட இல்லைன்னு ஆகுதுல்ல? மூத்தவகிட்டயும் இல்லைன்னு ஆகுதுல்ல? ஒரே ஒருத்தியோட போயிரும்னு நெனச்சேன்."

அந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அக்கா. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் கைகளைப் பார்த்தேன். முப்பத்தேழு வருடமாக யாருக்கும் தெரியாமல் எதையோ துவைத்துக்கொண்டே இருந்த கைகள்.

எழுந்து சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, "எங்க எடுக்கணும், காட்டு" என்றாள். டாக்டர்தான் எடுத்தார். குழாயில் பெயரை நான் எழுதினேன். நேற்று முடிவு வந்தது. நினைத்தபடியே அம்மாவிடம் இருக்கிறது, உனக்கு இறங்கிய அதே பிழை. நேற்றே போனில் சொல்லிவிட்டேன், உன் மாமியார் கேட்டாலும் கேட்கட்டும் என்று. இனி அம்மாவையும் வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும்.

இஸ்க்ராவைப் பற்றி நீ கேட்டாய். குழந்தைகளுக்குப் பார்ப்பதில்லை. பெரியவளான பிறகு அவளே கேட்டால்தான்.

நான் சொல்லாமல் வைத்திருந்த இரண்டு மாதத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கும்.

வெலிகா

கமெனோவோ
21 நவம்பர் 1999

அன்புத் தங்கச்சிக்கு,

நான் இருக்கிறேன். தலையில் முடி இல்லை, வாயில் ருசி இல்லை, நாக்கு மட்டும் பழையபடி இருக்கிறது என்று டிமோ சொல்கிறான். நீ சாப்பிடுகிறாயா? எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கை இன்னும் ஏழாவது பென்சில் கோட்டில்தான் இருக்கிறது.

இரண்டு மாதத்தைக் கேட்கச் சொன்னாய். நீ இரண்டு, நான் ஆறு, அம்மா முப்பத்தேழு வருடம். இதைக் கூட்ட எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சில காலையில் என்னை அறியாமலே கூட்டிவிடுகிறேன். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காலைகளில் உன் மேல் கோபம் வருகிறது. மத்தியானத்துக்குள் போய்விடுகிறது.

பதினாறாம் தேதி பெரியம்மா போய் இருபத்தைந்து வருடம். அறிவிப்பு அச்சடிக்க அம்மாவோடு நானும் போனேன். வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கடை கோஸ்டோ படித்துவிட்டுத் தாளைத் தள்ளினான்.

"யக்கா, இதுல யாரும் வியாதி பேரைப் போட மாட்டாங்க. 'நீண்ட நோய்க்குப் பின்'னு போடட்டா? அழகா இருக்கும்."

"நீண்ட நோய்னு போட்டா எவ போய் ரத்தம் குடுப்பா? அப்படியே போடு."

"ஊரு என்ன பேசும்?"

"எனக்கு முடியில்லைன்னு ஏற்கெனவே பேசுது. கூட இதையும் பேசட்டும்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா, "எழுத்து பெருசா போடு. எனக்கே கண்ணாடி இல்லாம தெரியணும்" என்றாள்.

இப்போது வாசல் கதவில் மூன்று பேர் இருக்கிறார்கள். வெலிகா, 41. ருசானா, 44. வெலிகா, 38. கீழே 'மார்பகப் புற்றுநோய்' என்று முழுதாக. அதற்கும் கீழே: 'இந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்களும் ஆண்களும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுகிறோம்.' அம்மாதான் மாவுப் பசை காய்ச்சி ஒட்டினாள். பஸ் ஸ்டாப்பில் ஒன்று, ரொட்டிக்கடைக் கதவில் ஒன்று. ரொட்டிக்கடையில் ஒட்டியதை மறுநாளே யாரோ கிழித்துவிட்டார்கள். அம்மா இன்னொன்று ஒட்டினாள். அன்று சாயங்காலம் அம்மாவின் தாய்மாமா மகள் வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு உன் ஆய்வுக்கூட விலாசத்தை வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு மூன்று மகள்கள்.

நினைவு நாளுக்குப் படைக்கும் கோதுமை அடுக்களையில் வெந்துகொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: "வெலிகா பொறந்த நாளுக்கு வருவாளா?" பெரியம்மாவைச் சொல்கிறாளோ என்று ஒரு நொடி எனக்குப் புல்லரித்தது. பிறகுதான் தெரிந்தது, உன்னைத்தான். அவளுக்கே தெரிந்திருக்கும், கரண்டியை மாற்றி மாற்றிக் கழுவினாள்.

இன்னொன்று. அலமாரியில் அந்தத் தாள்களுக்கு அடியில் என் படம் ஒன்றை வைத்திருக்கிறேன். நீலக் கவுன் போட்டது, சிரிக்கிற படம். இப்போது ஒன்றும் அவசரமில்லை, டாக்டரும் நல்லபடியாகத்தான் சொல்கிறார். ஆனால் அம்மாவை விட்டால் பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்துவிடுவாள். உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இஸ்க்ரா முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுவிட்டாள். தினமும் பள்ளிக்குப் போகும்போது அம்மா வீட்டு வாசல் கதவில் நின்று வாசிக்கிறாள். மா, ர், ப, க என்று தெருவே கேட்கும். நேற்று கடைசி வரிக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்கள்னா, நானுமா?"

"நீயும்தான்."

"எனக்கு இருக்கா?"

"தெரியாது. நீ பெரியவளானதும் உனக்கு வேணும்னா சித்தி பாத்துச் சொல்லுவா."

"எப்ப சொல்லுவா?"

"தெரிஞ்ச அன்னிக்கே" என்றேன்.

உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். பிறந்த நாளுக்கு வா.

உன் அக்கா,
ஸ்லாதினா